சினாக் ஏன் பேசவில்லை

சாந்தோஸ் துறைமுகம், பிரேசில்
நவம்பர் 28

பாசமுள்ள லிகாயா அக்காவுக்கு,

தம்பி தெர்யோ எழுதுகிறேன். கப்பலில் நான் சுகம். இயந்திர அறைச் சூட்டில் இன்னும் ஒரு சுற்று இளைத்திருக்கிறேன், அவ்வளவுதான். கேசோன் சிட்டியில் உன் உடம்பு எப்படி? ஊரில் அம்மாவின் ரத்தக்கொதிப்பு அடங்கியிருக்கிறதா? நேற்றும் முந்தாநாளும் போனில் கூப்பிட்டேன், போன துறைமுகத்தில் போலவே நீ எடுக்கவில்லை. டப்பிங் தியேட்டரில் இருந்திருப்பாய். அதனால் கப்பல் மின்னஞ்சலிலேயே எழுதுகிறேன்.

இங்கே விடாத மழை. மழை பெய்தால் சோயா ஏற்றமாட்டார்கள். அந்தப் புண்ணியத்தில் மாலுமிகள் இல்லத்தில் உட்கார்ந்து ‘கரைதேடிகள்’ வீடியோ கேமின் கடைசிப் பாகத்தை விளையாடி முடித்தேன். எங்கள் சமையல்காரர் நெஸ்டோர் அண்ணனும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா, அது என்ன முடிவு? பத்து வருஷமாக அதன் நாயகி சினாக்கைப் படகில் ஏற்றித் தீவு தீவாகக் கொண்டுபோயிருக்கிறோம். யாரைக் காப்பாற்றுவது, யாருக்கு என்ன பதில் சொல்வது என்பதெல்லாம் ஆடுகிற நாங்கள் தேர்ந்தெடுத்தது. பேசியது உன் குரல். கடைசியில் கரை வருகிறது. கூட வந்தவர்கள் சுற்றி நின்று, “இப்ப என்ன செய்யப் போறே சினாக்?” என்று கேட்கிறார்கள். வழக்கம்போல் நாலைந்து பதில்கள் திரையில் வரும், ஒன்றைத் தொடலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள், படகைத் தள்ளுகிறாள், போய்விடுகிறாள். திரை இருண்டுவிட்டது.

நெஸ்டோர் அண்ணன், “என்னடா, சவுண்டு போயிடுச்சா?” என்றார். நானும் வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். வயரில் கோளாறு இல்லை. அந்த அத்தியாயம் முழுக்க அவள் வாயைத் திறக்கவேயில்லை!

நான் நடத்தும் ரசிகர் பக்கம் கொதித்துக் கிடக்கிறது. நான் உன் தம்பி என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். “சினாக் ஏன் பேசவில்லை?” என்று ஒரு வரி போட்டேன், அதுவே கோஷமாகிவிட்டது. கம்பெனி கஞ்சத்தனம் பிடித்துக் கடைசி அத்தியாயத்துக்கு ஒலிப்பதிவே செய்யவில்லை என்பது என் எண்ணம். அப்படியே எழுதியும்விட்டேன். உள்ளே இருப்பவள் நீ, உண்மையைச் சொல். உன் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். உனக்குக் கோபம் வரவில்லையா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி,
தெர்யோ


கேசோன் சிட்டி
டிசம்பர் 9

அன்புள்ள தெர்யோவுக்கு,

இங்கு நான் நலம். அம்மாவும் நலம். மாத்திரையை மறப்பதில்லை, கருவாட்டை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. இயந்திர அறையில் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்கிறாயா?

போன் சரியில்லை. அவசரமென்றால் எழுது, கூப்பிடாதே.

முடிவைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு அது பிடித்திருந்தது. பேசிப் பேசிக் கரை சேர்ந்தவள் கடைசியில் பேசாமல் போவதில் என்ன குறை? அதை எழுதியவள் ஜொவித்தா. உனக்குத் தெரியாது, முதல் பாகத்திலிருந்து என்னோடு வேலை செய்கிறவள். லேசாக எழுதிவிட்டு எழுந்து போகிற ஆளில்லை. கம்பெனியை நடத்தும் கிரிசாந்தோவும் கஞ்சர் இல்லை. அந்த வார்த்தையை எடுத்துவிடு.

வேறு விசேஷம் இல்லை. இந்த வருஷம் கோவில் பாட்டுக் குழுவில் நான் இல்லை. நேரம் கிடைக்கவில்லை.

அன்புடன்,
லிகாயா


அட்லாண்டிக் கடலில்
டிசம்பர் 18

பாசமுள்ள அக்காவுக்கு,

நலம். கடல் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது, தட்டில் சோறு நிற்கமாட்டேன் என்கிறது. மற்றபடி குறையில்லை. உன் நலத்தை ஒரே வரியில் முடித்துவிட்டாய். அதனால்தான் கவலையாக இருக்கிறது.

புறப்படுவதற்கு முன் அம்மாவிடம் பேசினேன். “உன் அக்கா எனக்கும் ரெண்டு வரி மெசேஜ்தான் அனுப்புறா. பெரிய ஆளாயிட்டா. நாம பேசுனா கௌரவம் கொறஞ்சிடும் போல” என்றாள். என்மேல் கோபம் என்றால் என்னிடம் காட்டு. அம்மா என்ன செய்தாள்?

நான் ஏன் இந்த முடிவை விடமாட்டேன் என்கிறேன், தெரியுமா? முதல் கப்பலில் ஏறியபோது நான் யாரோடும் பேசாமல் அழுதுகொண்டிருந்தவன். உங்களிடம் சொன்னதில்லை. பக்கத்துப் படுக்கைக்காரன் ஒருநாள் மடிக்கணினியில் ‘கரைதேடிகள்’ போட்டான். அந்த இரைச்சலுக்குள் உன் குரல் வந்தது. “பயப்படாதே, கரை இருக்கு. நான் பாத்திருக்கேன்.” நம் வீட்டுக் கூடத்தில் நின்று நீ சொன்னதுபோல இருந்தது. என்னைப்போல எத்தனையோ பேர், அக்கா. மருத்துவமனையில் படுத்துக்கொண்டு விளையாடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது கூடுதலாக ஒரு சண்டைக் காட்சி இல்லை. ஒரு வார்த்தை!

உனக்கு ஜொவித்தா தோழியாக இருக்கலாம். எழுதியவர் அவர்தான் என்று விளையாட்டின் இறுதியிலேயே பெயர் வருகிறது. சாந்தோஸிலிருந்து புறப்படுமுன் அந்தப் பெயரைப் பக்கத்தில் போட்டு, “இவரைக் கேளுங்கள்” என்று எழுதிவிட்டு வந்தேன். பதில் சொல்லட்டுமே.

தம்பி,
தெர்யோ


கேசோன் சிட்டி
டிசம்பர் 20

தெர்யோ,

நலம். நீயும் நலமாயிரு.

அந்தப் பெயரை எடு. காரணம் கேட்காதே. எடுத்துவிட்டு எனக்கு எழுது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

அக்கா


டர்பன்
ஜனவரி 4

அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உன் கடிதம் நடுக்கடலில் வந்தது. கப்பலில் மின்னஞ்சல் மட்டும்தான் உண்டு, இணையம் கிடையாது. எண்ணெய் நிரப்ப இங்கே நின்றபோதுதான் பக்கத்தைத் திறக்க முடிந்தது. பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் அது எங்கெங்கோ போய்விட்டது. எடுத்ததும் எடுக்காததும் ஒன்றுதான்.

மனதார எடுத்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். சிலர் எல்லை மீறி எழுதுகிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து வருஷம் எழுதியவருக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதா? ஒரே ஒரு காரணம் சொல்லட்டும். வாயை மூடுகிற முதல் ஆள் நானாக இருப்பேன்.

அவருக்காக இவ்வளவு வாதாடுகிறாய். உனக்காக வாதாடுகிற என்னிடம் போனில் பேசக்கூட மாட்டேன் என்கிறாய். நலமாக இரு.

தெர்யோ


கேசோன் சிட்டி
ஜனவரி 9

தெர்யோவுக்கு,

நீ நலமா என்று கேட்டு எழுதத் தொடங்குவதுதான் நம் வழக்கம். இன்று கை வரவில்லை.

மூன்று ராஜாக்கள் திருநாளன்று ஜொவித்தாவின் வீட்டுக்குப் பூ வந்தது. சவப்பெட்டி பக்கத்தில் மூங்கில் கால் கட்டி நிறுத்துவோமே, அந்தப் பூவளையம். குறுக்கே நாடாவில் ஜொவித்தாவின் முழுப் பெயர். கையெழுத்துப் போட்டு வாங்கியது அவள் அம்மா. கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படிக்க வராது. திருநாளுக்கு யாரோ பிரியமாக அனுப்பியிருக்கிறார்கள் என்று கூடத்தில் வைத்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். ஜொவித்தா வேலை முடிந்து வரும்வரை அது அங்கேயே நின்றிருக்கிறது.

மறுநாள் போனேன். வளையத்தைப் பிரித்து நல்ல பூக்களை மட்டும் ஜாடியில் வைத்துக்கொண்டிருந்தாள். “பூ என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ஒரு காரணம் சொல்லட்டும் என்றாயே. அது என் தொண்டையில் இருக்கிறது.

ஜூலையில் என் கழுத்திலிருந்து தைராய்டுக் கட்டி ஒன்றை எடுத்தார்கள். புற்று இல்லை, பயப்படாதே. கட்டி குரல் நரம்போடு ஒட்டிக் கிடந்தது. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், தெரிந்துதான் சம்மதித்தேன். கண் விழித்ததும் தண்ணீர் கேட்டேன். காற்றுதான் வந்தது. இன்றைக்கும் காற்றோடு கொஞ்சம் கரகரப்புதான் வருகிறது. எதிரில் இருப்பவர் காதைக் கொடுத்தால் கேட்கும். போன் சரியில்லாமல் இல்லை. நான்தான் சரியில்லை.

அப்போது கடைசி அத்தியாயம் மட்டும் பதிவாகாமல் இருந்தது. கிரிசாந்தோ, “வேற ஒரு பொண்ணை வெச்சு முடிச்சிடலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது” என்றார். ஜொவித்தா கேட்கவில்லை. “லிகாயா பேசினா சினாக் பேசட்டும். இல்லேன்னா பேசவே வேணாம்” என்று சண்டை போட்டாள். எழுதி முடித்த அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேச்சே இல்லாமல் மறுபடி எழுதினாள்.

“குரல் கொடுப்பவளுக்கு உடம்பு சரியில்லை” என்று அவள் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் உங்கள் கூட்டம் அன்றே கலைந்திருக்கும். சொல்லாதே என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். குரல் திரும்பிவிடும் என்று நம்பினேன். அதற்குள் வெளியே தெரிந்தால் எந்த டப்பிங் தியேட்டரும் கூப்பிடாது என்ற பயம். அம்மாவின் ரத்தக்கொதிப்பு ஒரு பக்கம். நீ ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடிவருவாய் என்ற எண்ணம் இன்னொரு பக்கம்.

“இப்பவாவது சொல்லிடு” என்று காகிதத்தில் எழுதி அவளிடம் நீட்டினேன். “உன் தொண்டை. நீ சொல்லு. நான் எதுக்குச் சொல்லணும்?” என்றாள். அந்தப் பக்கத்தை நடத்துகிறவன் என் தம்பி என்பதையும் எழுதிக் காட்டினேன். காகிதத்தை இரண்டாக மடித்து ஜாடிக்கு அடியில் வைத்தாள். பிறகு, “நல்லா எழுதறான்” என்று மட்டும் சொன்னாள்.

நான் நலமாக இல்லை, தெர்யோ. முன்பு எழுதியதெல்லாம் வழக்கத்துக்காக எழுதியது.

அக்கா


சிங்தாவ் துறைமுகம், சீனா
மார்ச் 2

அக்கா,

உன் கடிதம் வந்து இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன். தினமும் எழுத உட்கார்ந்தேன். ‘மன்னித்துவிடு’ என்று எழுதி அனுப்புவது சுலபம். ஏதாவது செய்துவிட்டு எழுதுவோம் என்று கரைக்காகக் காத்திருந்தேன்.

கரை வந்ததும் பக்கத்தில் எழுதினேன். ‘ஜொவித்தா மீது நான் சொன்னது தவறு. கஞ்சத்தனம் என்றதும் தவறு. அவர் வீட்டுக்குப் பூவளையம் அனுப்பியவர்கள் என் பேச்சைக் கேட்டுத்தான் அனுப்பினார்கள். இனி இந்தக் கோஷம் என்னுடையது இல்லை.’ காரணத்தை எழுதவில்லை. அது உன்னுடையது.

அப்புறம் நடந்ததைக் கேள். “எவ்ளோ வாங்குன?” “கம்பெனி கைக்கூலி!” “நீயும் ஊமையாயிட்டியா?” என்று அதே கூட்டம் என்மேல் பாய்ந்தது. என்னோடு வருஷக்கணக்காகப் பக்கத்தை நடத்தியவர்களே என்னைப் பொறுப்பிலிருந்து தள்ளிவிட்டார்கள். நெஸ்டோர் அண்ணன் பார்த்துவிட்டு, “நீ சமைச்சதை நீயே தின்னு பாக்கற. காரமா இருக்கா?” என்றார். காரமாகத்தான் இருக்கிறது.

ஜொவித்தாவுக்கும் எழுதினேன். பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு முகமில்லை.

ஒன்று கேட்கிறேன். கம்பெனி பணிந்துவிட்டது, பேசுகிற முடிவு ஒன்று வரப்போகிறது என்று பேச்சு. உன்னிடம் சம்மதம் கேட்பார்கள். கொடுக்காதே. சினாக் பேசாமலே போகட்டும். ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். அது போதாதா?

மூச்சு விடச் சிரமமில்லையே? விழுங்கும்போது வலிக்கிறதா? இதையெல்லாம் ஜூலையிலேயே கேட்டிருக்க வேண்டும்.

உன் தம்பி


கேசோன் சிட்டி
ஏப்ரல் 21

அன்புள்ள தெர்யோ,

மூச்சுக்குக் குறையில்லை. விழுங்கும்போது தண்ணீர் மட்டும் சிலசமயம் புரையேறுகிறது. இனி உண்மையான நலத்தையே எழுதுவதாக இருக்கிறேன், படித்துச் சலித்துக்கொள்ளாதே. உனக்கு முதுகுவலி என்று அம்மாவிடம் சொன்னாயாமே? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

சம்மதம் கொடுத்துவிட்டேன். கோபப்படாமல் மேலே படி.

கிரிசாந்தோ பன்சித் நூடுல்ஸ் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். பாதி சாப்பிட்டபிறகு, “நீ வேணாம்னா விட்டுடறேன் லிகாயா. நெசமாத்தான் சொல்றேன்” என்றார். நான் யோசிக்க நாள் கேட்டேன். உன் கூட்டத்தின் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. பூவளையம் அனுப்பியவர்களை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் மற்றவர்கள்? சினாக்கிடமிருந்து ஒரு வார்த்தை வராதா என்று திரையின் முன் உட்கார்ந்திருந்தவர்கள்? நானும் தினமும் கண்ணாடி முன் நின்று அதற்குத்தானே காத்திருந்தேன். எனக்குக் கிடைக்காதது அவர்களுக்கும் கிடைக்கக்கூடாது என்று பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

புதிதாக எழுதத் தேவையிருக்கவில்லை. ஜொவித்தா முதலில் எழுதிய அத்தியாயம் அப்படியே இருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே நான் அதை மனப்பாடம் செய்திருந்தேன். அதைத் திருப்பிக் கொடுத்ததோடு அவள் ராஜினாமாவும் கொடுத்துவிட்டாள். “பத்து வருஷம் போதும்” என்றாள். நான் தடுக்கவில்லை.

பேசியவள் ஷைரா என்ற சின்னப் பெண். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் அவள் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். “இப்ப என்ன செய்யப் போறே சினாக்?” என்ற கேள்விக்குச் சினாக்கின் பதில் இதுதான்: “நீங்க இறங்குங்க. நான் இன்னும் வராதவங்களைக் கூட்டிட்டு வரேன்.” ஷைரா அதை அழுது அழுது சொன்னாள். நான் உள்ளே போய் அவள் காதருகே, “அழாதே. கடைக்குப் போயிட்டு வரேன்னு சொல்ற மாதிரி சொல்லு” என்றேன். அவளுக்குப் பிடிபடவில்லை. “நீங்க எப்படிச் சொல்வீங்கக்கா? ஒருதடவை சொல்லிக் காட்டுங்க” என்றாள். கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் எதிரில் நின்று சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துச் சொன்னேன். அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே கூடச் சொன்னாள். இரண்டாம் தடவை சரியாக வந்தது.  ‘ஓகே’ கேட்கத் திரும்பினால் பதிவு அறையில் கிரிசாந்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அக்கா


வான்கூவர், கனடா
மே 30

பாசமுள்ள அக்காவுக்கு,

முதுகுவலி பரவாயில்லை. நெஸ்டோர் அண்ணன் தைலம் தேய்த்துவிடுகிறார், தேய்க்கும்போது திட்டுகிறார். உனக்குப் புரையேறுவது நின்றதா?

புது முடிவை ஆடினேன். சம்மதித்தாயே என்ற கோபத்தோடுதான் உட்கார்ந்தேன். குரல் உன்னுடையது இல்லை, முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. ஆனால் ‘இன்னும்’ என்ற சொல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு வந்தது. அது நீ. ‘இன்னும் சோறு இருக்கு, போடட்டுமா?’ என்று கேட்பதற்கு முன்னால் நீ விடுகிற அதே மூச்சு. அங்கேயே நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். மீதியை மறுநாள்தான் பார்த்தேன்.

ரசிகர் பக்கத்தில் ஒரே கொண்டாட்டம். பழைய பகையெல்லாம் மறந்துவிட்டது. அதில் ஒருவர், “லிகாயாவால் மட்டும்தான் இப்படிப் பேச முடியும். அவர் வாழ்நாளில் சிறந்த காட்சி” என்று எழுதியிருந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் ஆமாம் போட்டிருக்கிறார்கள். பதில் எழுத விரல் துடித்தது. எழுதவில்லை. உன்னைக் கேட்காமல் இனி உன்னைப்பற்றி ஒரு வரியும் எழுதமாட்டேன்.

ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. இருபத்தெட்டாம் தேதி மனிலாவில் இறங்குகிறேன்.

தெர்யோ


இலோய்லோ
ஜூன் 15

அன்புள்ள தெர்யோவுக்கு,

அம்மாவின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். புரையேறுவது குறைந்திருக்கிறது. குரல் அப்படியேதான். இனி மாறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்டுவிட்டு வெளியே வந்து வயிறாரச் சாப்பிட்டேன். காத்திருப்பது முடிந்ததில் ஒரு நிம்மதி.

நீ சொன்ன அந்தப் பாராட்டைத் தேடிப் படித்தேன். அதன் கீழே என் பெயரிலேயே எழுதிவிட்டேன்: ‘நான் லிகாயா. நீங்கள் பாராட்டுகிற குரல் ஷைராவுடையது, பாராட்டு அவளுக்கே சேரட்டும். அறுவைச் சிகிச்சையில் என் குரல் போய்விட்டது. நீங்கள் திட்டித் தீர்த்த முதல் முடிவில் சினாக் பேசாமல் இருந்தாளே, அந்த மௌனம்தான் என்னுடையது. அதை எழுதியவர் ஜொவித்தா. என்னைக் காட்டிக்கொடுக்காமல் உங்கள் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டார்.’

சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். சிலர் இது விளம்பரம் என்றார்கள். தள்ளிப்போட்டுக் கையில் வைத்திருந்த இரண்டு டப்பிங் வேலைகளும் போய்விட்டன. டப்பிங் பேசிப் பழகாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வருகிறாயா என்று ஒரு வேலை வந்திருக்கிறது. ஜொவித்தாவுக்குக் கட்டுக்கட்டாக மடல்கள் வருகின்றனவாம், பிரிக்கவில்லை. “மறுபடி பூ வந்தா மட்டும் உனக்குச் சொல்லியனுப்பறேன்” என்றாள். உன் மடலைப் பற்றிக் கேட்டேன். படித்தாளாம். பதில் எழுத இன்னும் மனம் வரவில்லையாம். காத்திரு.

அம்மாவிடம் நேரில் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு என் வாயருகே காதை வைத்து, “எதாச்சும் சொல்லு” என்றாள். “அம்மா” என்றேன். “கேக்குதே! இதுக்கா இத்தனை மாசம் எங்கிட்டப் பேசாம இருந்தே?” என்று முதுகில் ஓர் அடி வைத்தாள். நன்றாக வலித்தது. இரண்டு பேரும் அழுதோம்.

இருபத்தெட்டாம் தேதி உன்னை அழைக்க நானும் அம்மாவும் வருகிறோம். விமான நிலைய வெளிவாசலில் எப்படிக் கூட்டம் நிற்கும் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளை பெயரைச் சொல்லிக் கத்தும். என்னால் கத்த முடியாது. அதனால் வெளியே வந்ததும் வெட்கப்படாமல் நீ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. எந்த மூலையில் நின்றாலும் நான் வந்துவிடுவேன்.

வழியெல்லாம் பத்திரம்.

உன் அக்கா,
லிகாயா